வீட்டில் மின்சாரச் சிக்கனம்



மின்சாரம் இல்லாத ஒரு நாளை இன்று நம்மால் நினைத்துப் பார்க்கவும் இயலாது. அதன் அருமை அது நின்றபோது தெரிகிறது. அதன் விலையோ மாதக் கடைசியில் பில் வரும்போது தெரிகிறது. "சிக்கனமாக இருங்கள்" என்று பெரியோர் சொல்லும்போது நாம் தலையசைக்கிறோம். ஆனால் எதில் சிக்கனம், எவ்வளவு சிக்கனம் என்று யாரேனும் திருப்பிக் கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம். இயற்பியல் பயிலும் நானே அவ்வாறு விழித்தவன்தான். விழித்ததோடு நில்லாமல், ஒரு நண்பரின் மனம் நோகவும் காரணமாயினேன். அந்தத் தவற்றையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

கொல்கத்தாவும் மின்சாரமும்

நாம் வாழும் இந்நகரம் மின்சாரத்தோடு நெடுநாள் உறவு கொண்டது. 1879-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் இங்கே மின்னொளி முதன்முதலாக மக்களுக்குக் காட்டப்பட்டது. 1897-இல் நகருக்கு மின்சாரம் வழங்க உரிமம் அளிக்கப்பட்டது. 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிரின்செப் தெருவை அடுத்த இமாம்பாக் சந்தில் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1902 முதல் டிராம் வண்டிகள் குதிரைகளை விட்டு மின்சாரத்தால் ஓடலாயின. இத்தனை பழைய உறவு இருந்தும், 1970, 1980-ஆம் ஆண்டுகளில் இந்நகரம் மின்வெட்டால் பட்ட துன்பம் பெரிது. அரிக்கேன் விளக்கடியில் தேர்வுக்குப் படித்த கதையை இன்றும் வங்காள ஆசிரியர்கள் சொல்லக் கேட்கலாம்.

நான் பிறந்து வளர்ந்தது பொதிகைமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். எங்கள் பக்கத்தில் மின்சாரம் என்றால் பாபநாசம் அருவி நினைவுக்கு வரும். தாமிரபரணி நீரைக் கொண்டு அங்கே 1944 முதல் மின்சாரம் எடுக்கப்படுகிறது. அதற்கு முன்பே, 1932-இல், நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் தொடங்கிவிட்டது. ஆகவே மின்சாரம் என்பது மலையிலிருந்து விழும் தண்ணீர் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். இன்று தமிழ்நாட்டிலும் நீரால் கிடைப்பது சிறு பங்கே.

கொல்கத்தாவில் நாம் போடும் விளக்கின் பின்னால் பெரும்பாலும் இருப்பது நிலக்கரி. ஹூக்ளி ஆற்றங்கரையில் பட்ஜ்பட்ஜ் என்னுமிடத்தில் 750 மெகாவாட் ஆற்றலுள்ள அனல்மின் நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் ஓர் அலகு மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரியும் கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாக மாறுகிறது. எஞ்சியது நீராவியோடும் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னர்ப் பயன்படும்.

எங்கள் அறையில் நடந்தது

தென்கொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் ஐவர் வாடகைக்கு இருக்கிறோம். மின்சாரப் பில்லை ஐந்தாகப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். கோடையில் பில் ஏறும். மூன்று விசிறிகள் ஓயாது சுழல்வதால் அது இயல்பே. சென்ற குளிர்காலத்தில் விசிறிகள் ஓய்ந்துவிட்டன. ஆகவே ஜனவரி மாதப் பில் இறங்கும் என்று எதிர்பார்த்தோம். அதுவோ ஏறியிருந்தது.

இருவருக்கு உதவித்தொகை வராத மாதம் அது. எங்கே போயிற்று மின்சாரம் என்று விசாரணை தொடங்கியது. எங்களுள் ஒருவர் இராமநாதபுரத்துக்காரர், வரலாறு படிப்பவர், என்னைவிட ஓராண்டு இளையவர். நெட் தேர்வுக்காக இரவு இரண்டு மணிவரை மேசை விளக்கு வைத்துப் படிப்பார். விசிறி இல்லை, மற்றவர் எல்லாரும் உறங்குகிறோம், எரிவது அவர் விளக்கு ஒன்றுதான். ஆகவே குற்றவாளி அவரே என்று முடிவாயிற்று. இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்கு எரியக்கூடாது என்றொரு விதியும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அவ்விதியை எழுதியது நான். 'இயற்பியல் படிப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று மற்றவர்களும் ஒப்பினர்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் படுக்கை வெறுமையாக இருந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். போர்வையைப் போர்த்துக்கொண்டு, மாடிப்படியின் கடைசிப் படியில், வீட்டுக்காரரின் பொது விளக்கின் கீழ் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கடியில் படித்து மேன்மையுற்றதாக வங்காளிகள் வித்தியாசாகரைப் பற்றிச் சொல்வர். நாம் நீதிபதி முத்துசாமி ஐயரைப் பற்றிச் சொல்வோம். அக்கதைகளை மேடையில் கேட்கும்போது பெருமையாக இருக்கிறது. நாமே ஒருவரை அந்நிலைக்கு அனுப்பிவிட்டோம் என்று காணும்போது பெருமையாக இல்லை.

அவருக்கு நேர் எதிரே, படிக்கட்டின் அடியில், எங்கள் மின் மீட்டர் இருந்தது. அதிலே ஒரு சிறு சிவப்பு ஒளி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: குற்றம் சாட்டினோமே தவிர, கணக்குப் பார்த்தோமா? 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பழமொழி. நான் அளக்கவே இல்லை.

அலகு என்பது யாது?

பில்லில் யூனிட் என்று குறிக்கப்படுவதே அலகு. ஆயிரம் வாட் ஆற்றலுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஓர் அலகு. நூறு வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஓர் அலகுதான். ஆகவே மின்செலவு இரண்டைப் பொறுத்தது: கருவியின் வாட் எத்தனை? அது ஓடும் நேரம் எத்தனை? இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அலகு கிடைக்கும். பள்ளிப் பிள்ளையும் போடத்தக்க இக்கணக்கை நாம் போடுவதில்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதையே பெருஞ்செலவு என்று எண்ணிவிடுகிறோம். ஒளி கண்ணுக்குத் தெரிகிறது. வெப்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மயக்கம் இங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் அறிய வேண்டும். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதற்படியில் உள்ள அலகுகளுக்கு விலை குறைவு. மேற்படிகளில் விலை கூடுதல். ஆதலின் நாம் மிச்சப்படுத்தும் அலகு எப்போதும் மேற்படியில் உள்ள, விலை கூடிய அலகே ஆகும்.

மீட்டர் சொன்ன சாட்சி

மறுநாள் மாலை ஐவரும் கூடி ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்யலாம், கைக்கடிகாரம் ஒன்றே போதும். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களின் முகப்பில், ஓர் அலகுக்கு எத்தனை முறை ஒளி மின்னும் என்று பொறித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200 என்று இருந்தது. வேறு மீட்டரில் வேறு எண் இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கருவியை மட்டும் போட்டு, ஒளி மின்னுவதை எண்ண வேண்டும். நிமிடத்திற்கு இத்தனை என்று எண்ணி, அதை 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால், அக்கருவியின் ஆற்றல் கிலோவாட்டில் கிடைக்கும்.

முதலில் நண்பரின் மேசை விளக்கு. அது 9 வாட் எல்.இ.டி. பல்பு. போட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஒரு நிமிடம் ஆயிற்று, ஒன்றும் மின்னவில்லை. இரண்டு நிமிடம் கடந்தபின் ஒரு முறை மின்னியது. மேலும் இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை.

பிறகு விசிறி ஒன்றைப் போட்டோம். நிமிடத்திற்கு நான்கு முறை மின்னியது. அதாவது 75 வாட்.

அடுத்து, டிசம்பர்க் கடைசியில் நான் சாந்தினி சந்தையில் வாங்கி வந்த தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பி. அதை வாளியில் இட்டுச் சுவிட்சைப் போட்டதும் மீட்டர் ஒளி துடிதுடிக்கத் தொடங்கியது. எண்ணுவதே கடினமாயிற்று. நிமிடத்திற்கு எண்பது! அதாவது 1500 வாட்.

கணக்கைப் பாருங்கள். நண்பரின் விளக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால், மாதம் முப்பது நாளுக்கு 1.6 அலகு. ஒரு வாளித் தண்ணீர், அதாவது 20 லிட்டர், 20 டிகிரி சூடேறுவதற்கு வேண்டுவது ஏறத்தாழ அரை அலகு. கம்பி இருபது நிமிடம் ஓட வேண்டும். ஐவருக்கு ஐந்து வாளி, நாளுக்கு 2.5 அலகு, மாதத்திற்கு 75 அலகு! ஒரே வாளி வெந்நீருக்குச் செலவாகும் மின்சாரத்தில் அந்த விளக்கு ஐம்பது மணி நேரத்திற்கு மேல் எரியும். நான் ஒரு நாள் குளித்த வெந்நீரில் அவர் எட்டு இரவு படித்திருக்கலாம்.

கம்பியை வாங்கியவன் நான். காலை, மாலை இரு வேளையும் குளித்தவனும் நான். சுவரிலிருந்த விதியை நானே கிழித்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னண்ணே, கணக்கு தெரிஞ்சுதே, போதும்" என்றார். அவர் பொறுத்துக்கொண்டதால் என் தவறு சிறிதாகிவிடவில்லை.

வெந்நீர்

மின்சாரத்தால் வெப்பம் உண்டாக்கும் கருவிகளே வீட்டில் பெருந்தீனிக்காரர்கள்: ஹீட்டர் கம்பி, கீசர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி. மேலே சொன்ன நிலக்கரி உண்மையை இங்கே பொருத்திப் பாருங்கள். கரியை எரித்து வெப்பம் எடுத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து மின்சாரமாக்கி, அதை மீண்டும் வெப்பமாக்கித் தண்ணீரைச் சுடவைக்கிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போன்றதே இது.

கொல்கத்தாவின் குளிர்கால வெயில் நல்ல வெயில். எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்து வங்காளப் பெரியவர் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடியில் வெயில் காய்ந்தபின் குளிப்பார். அவர் வாளியும் அவரோடு வெயில் காயும். நாங்களும் விடுமுறை நாட்களில் அம்முறையைக் கைக்கொண்டோம். மற்ற நாட்களில் அரை வாளி மட்டும் சுடவைத்துத் தண்ணீர் விளாவிக்கொள்கிறோம். அடுத்த மாதம் பில் இறங்கியது. ஹீட்டர் கம்பி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை: சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். சிக்கனத்தினும் உயிர் பெரிது.

தேநீருக்குக் கெட்டிலை நிரப்பிக் கொதிக்கவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஒரு லிட்டர் கொதிக்க ஏறத்தாழ 0.1 அலகு ஆகும். இரண்டு டம்ளர் வேண்டுமெனில் இரண்டு டம்ளர் மட்டும் ஊற்றினால் போதும்.

விசிறி

குளிர்காலத்திற்கு வெந்நீர் என்றால் கோடைக்கு விசிறி. 75 வாட் விசிறி நாளுக்கு 18 மணி நேரம் சுழன்றால் மாதம் 40 அலகு. மூன்று விசிறிக்கு 120 அலகுக்கு மேல். விசிறியின் வாட் சிறிது. ஆனால் ஓடும் நேரம் பெரிது.

விசிறி அறையைக் குளிரச் செய்வதில்லை என்பதை முதலில் உணர வேண்டும். அது காற்றை அசைக்கிறது. அசையும் காற்று நம் உடலின் வியர்வையை ஆவியாக்குகிறது. அதனால் நமக்குக் குளிர்ச்சி தோன்றுகிறது. ஆள் இல்லாத அறையில் சுழலும் விசிறி யாரையும் குளிர்விப்பதில்லை; தன் மோட்டாரின் சூட்டால் அறையைச் சிறிது வெப்பப்படுத்தவே செய்கிறது. அறையை விட்டுப் போகும்போது விசிறியை நிறுத்துக என்பதன் காரணம் இதுவே.

இக்காலத்தில் பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறிகள் வந்துள்ளன. பழைய மோட்டாரில் சுழலும் பகுதியிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டு, ஒரு பங்கு வீண் வெப்பமாகிறது. புதுவகையில் நிலைக்காந்தங்கள் சுழல்கின்றன. ஒரு சிறு மின்னணுச் சுற்று அவற்றை இயக்குகிறது. ஆகவே அதே காற்றுக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். மாதம் ஒரு விசிறிக்கு 24 அலகு மிச்சம். நிலக்கரியில் ஏறத்தாழ 17 கிலோ. அலகுக்கு ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 168 ரூபாய். விசிறியின் விலை சற்றுக் கூடுதல்தான். எனினும் அக்கூடுதல் இரண்டு கோடைக்குள் திரும்பிவிடும். வாடகை வீடு என்று தயங்க வேண்டாம். ஐவர் சேர்ந்து வாங்கினால், வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். 2023 முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயமாகியுள்ளது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குக.

பழைய விசிறியே இருப்போர் மூன்று செய்யலாம். இறக்கைகளில் படிந்த தூசியைத் துடைக்கலாம். விசிறி மெதுவாகச் சுற்றினால், கண்டன்சர் எனப்படும் சிறு உறுப்பை மின்பணியாளரைக் கொண்டு மாற்றலாம். செலவு மிகக் குறைவு. பெட்டிபோன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், சுடும். விசிறியின் வேகத்தைக் குறைத்தபின்னும் மின்சாரத்தின் ஒரு பகுதி அங்கே வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. மின்னணு ரெகுலேட்டரில் அவ்விழப்பு மிகக் குறைவு.

விளக்கும் பகலொளியும்

விளக்கில் சிக்கனம் வேண்டாமா எனில், வேண்டும். ஆனால் அப்போரில் பெரும்பகுதியை அறிவியல் நமக்காக முன்னரே வென்றுவிட்டது. பழைய 60 வாட் குண்டு பல்பு, தான் உண்ட மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக்கியது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. அதைவிட நல்ல ஒளி தருகிறது. இதற்கு அடிப்படையான நீல ஒளி உமிழும் சில்லைக் கண்டதற்காக அகசாகி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நீல ஒளி ஒரு மஞ்சள் பூச்சின்மீது பட்டு வெண்மையாகத் தோன்றுகிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்வழி நம் நாட்டில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. இன்னும் குண்டு பல்போ, தடித்த பழைய குழல்விளக்கோ எரியும் வீடுகள் உடனே மாற்றுவது நன்று.

பகலில் விளக்கே தேவையில்லை. இந்நகரத்துப் பழைய வீடுகளின் சாய்வுப் பலகைச் சன்னல்கள் வெயிலைத் தடுத்து வெளிச்சத்தையும் காற்றையும் விடுவதற்கென்றே செய்யப்பட்டவை. நாமோ அவற்றை மூடிவிட்டு விளக்கைப் போடுகிறோம். 1907-இல் கணக்குத்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த சர். சி. வி. இராமன், பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தில் கே. எஸ். கிருஷ்ணனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் பயன்படுத்தியது ஞாயிற்றின் ஒளியையே. 1928 பிப்ரவரி 28-இல் உலகறிந்த விளைவைக் கண்டவர்க்குப் போதுமாயிருந்த ஒளி, நமக்கு நாளிதழ் படிக்கப் போதாதா?

வீடுகளில் கவனிக்க வேண்டியவை

குடும்பத்தோடு வாழும் அன்பர்களுக்கும், ஊரிலுள்ள நம் பெற்றோர்க்கும் சில குறிப்புகள்:

1. இணைய இணைப்புப் பெட்டி, தொலைக்காட்சியின் செட்-டாப் பெட்டி போன்றவை இரவும் பகலும் விழித்திருப்பவை. பத்து வாட் பெட்டி மாதத்திற்கு 7.2 அலகு உண்ணும். அது நம் நண்பரின் விளக்கைப்போல் நான்கு மடங்குக்கு மேல். உறங்கும்போது நிறுத்துக.

2. கைப்பேசிக்கு நாள்தோறும் ஒரு முறை மின்னேற்றினால் மாதம் முழுவதற்கும் ஓர் அலகுகூட ஆகாது. இதைப் பற்றிச் சண்டையிடாதீர்.

3. குளிர்பதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்; அதன் வெப்பம் வெளியேற இடம் வேண்டும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதில் வந்தால் ரப்பர்ப் பட்டை தேய்ந்துவிட்டது. சூடான குழம்பை ஆறவைத்தே உள்ளே வையுங்கள்.

4. ஏ.சி. உள்ளோர் 24 டிகிரியில் வைத்து, உடன் விசிறியை மெதுவாகச் சுழலவிடுக. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 முதல் விற்கப்படும் நட்சத்திரக் குறியுள்ள ஏ.சி.கள் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன.

5. துணிகளை நாளுக்கொன்றாக இஸ்திரி போடாமல் ஒருசேரப் போடுக. ஒவ்வொரு முறையும் பெட்டி சூடேறும் செலவு மிஞ்சும்.

6. பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துச் சமைக்கவும். மின்னடுப்பில் பாத்திரத்தை மூடிச் சமைக்கவும்.

முடிவுரை

ஊரில் எங்கள் வீட்டு மீட்டர் அட்டையை என் தாயார் அரிசிப்பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார். இரண்டு மாதத்திற்கு 100 அலகு இலவசம் என்று தமிழ்நாட்டில் 2016-இல் வந்தபின், அந்த எல்லையை எவ்வளவு கடந்தோம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பார். அவர் அறிவியல் படித்ததில்லை. ஆனால் அளந்த பிறகே பேசுவார். நான் அறிவியல் படித்தும் அளவாமல் பேசினேன்.

நண்பர்களே, சிக்கனம் என்பது படிப்பவரின் விளக்கை அணைப்பதன்று. வேண்டாத இடத்தில் கரையும் ஆற்றலைக் கண்டு நிறுத்துவதாகும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஊகம் சொல்லாது, அளவே சொல்லும். இன்று மாலை உங்கள் விடுதியிலோ வீட்டிலோ மீட்டரின் முன் ஐந்து நிமிடம் நின்று அச்சிவப்பு ஒளியை எண்ணிப் பாருங்கள். பிறகு எந்தச் சுவிட்சை நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

எங்கள் அறைச் சுவரில் இப்போது விதி எதுவும் இல்லை. ஒரு சிறு பட்டியல் மட்டும் இருக்கிறது: விளக்கு, இரண்டு நிமிடத்திற்கு ஒன்று, விசிறி, நிமிடத்திற்கு நான்கு, வெந்நீர், நிமிடத்திற்கு எண்பது. இராமநாதபுரத்து நண்பர் இரவு இரண்டு மணிவரை தம் மேசையிலேயே படிக்கிறார்.